உப்புக்கிடங்குத் தெருவில் ஒன்றுமில்லை

சகாயம் டீச்சருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அவரிடம் படிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் கண் தெரிந்தவர்கள். சர்க்கரையால் கண் போனவர்கள், கண் அழுத்தத்தால் போனவர்கள், பட்டறையில் பொறி தெறித்துப் போனவர்கள். ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நடப்பதை முதலிலிருந்து கற்க வந்தவர்கள். டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வகுப்பில் அவர்தான் சின்னவர்.

வகுப்பு நடந்தது வடசென்னையில் ஒரு சமுதாயக் கூடத்தில். கல்யாணம் இல்லாத நாட்களில் கூடம் அவர்களுக்கு. யாரோ ஒரு பெரிய மனிதர் வகுப்புக்கென்று நான்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்து, தன் பெயரையும் அதில் எழுதி மாட்டியிருந்தார். அதைப் படிக்க அங்கே ஆளில்லை.

வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, தான் வந்த தெருவின் சேதியைச் சொல்ல வேண்டும். நேற்று இல்லாத மணல் குவியல், புதிதாக நிற்கும் தள்ளுவண்டி, கயிற்றில் கட்டிய மாடு. சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். புதிதாக எதுவும் இல்லையென்றால் ‘ஒன்றுமில்லை’ என்றாவது சொல்ல வேண்டும். திரும்பிப் போகும்போது எல்லோரும் அந்தச் சேதியை வைத்துத்தான் நடப்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட தெருவில் கோலை லேசாக ஆட்டிக்கொண்டு வேகமாகப் போவார்கள். மற்றத் தெருக்களில் அடி அடியாகத் துழாவிப் போவார்கள்.

தணிகாசலம் முதல் நாள் வந்தபோது இந்த வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. உட்காரவும் இல்லை. நின்றபடியே கேட்டார்.

“எத்தனை நாள்ல இதைக் கத்துக்கலாம், டீச்சர்?”

“ஏன், அவசரமா?”

“ஆடி முடியறவரைக்கும்தான் எனக்கு டைம். என் பையனும் மருமகளும் காலைல ஏழு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவாங்க. என்னைத் தனியா விட்டுட்டுப் போக பயப்படறாங்க. தனியா போய் வருவார்னு டீச்சர் வாயால சொல்லட்டும், இல்லாட்டி ஏரிக்கரைல இருக்கிற இல்லத்துல விட்டுடறேன்னு பையன் சொல்லிட்டான்.”

“எந்த இல்லம்?”

“கண்ணு போன கிழவனுங்களுக்குன்னு வெச்சிருக்காங்களே, அது. மணி அடிச்சா சோறு, மணி அடிச்சா தூக்கம். நான் லோடு வண்டி ஓட்டினவன், டீச்சர். இந்த ஊர்ல நான் போகாத சந்து இல்லை. அங்க போய் என்னால படுத்துக்கிட்டுக் கிடக்க முடியாது.”

டீச்சர் எழுந்தார். “வாங்க, அண்ணே.”

அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு தணிகாசலம் தெருவில் இறங்கினார். டீச்சர் பிறந்து வளர்ந்த தெரு அது. அவர் நடை தயங்கவில்லை. இருபது அடி போயிருப்பார்கள். ‘டங்’ என்று ஒரு சத்தம். டீச்சர் நின்று குனிந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். யாரோ ஒரு மூன்று சக்கர வண்டியைச் சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

“இந்தத் தெருவுல எனக்கு முப்பத்தெட்டு வருஷம்,” என்றார் டீச்சர். “இந்த வண்டி இன்னைக்குத்தான் வந்திருக்கு.”

தணிகாசலம் அந்த வண்டியைக் கையால் தடவிப் பார்த்தார். “அப்ப இதுக்கு முடிவே இல்லையா?”

“வலது பக்கமா ஒதுங்கி வாங்க,” என்றார் டீச்சர்.

தணிகாசலம் தினமும் வந்தார். மற்ற எதிலும் எப்படியோ, பிடித்த பிடியை விடாத ஆள் அவர். கோலை இடமும் வலமும் வீசும் அளவைக் கற்றார். வீட்டிலிருந்து கூடத்துக்கு வரும் உப்புக்கிடங்குத் தெருவைப் பாடமாக்கினார். கோழிக்கடை நாற்றம் முடிந்ததும் சைக்கிள் கடையின் காற்றடிக்கும் சத்தம். அது முடிந்ததும் மாவு மில்லின் அதிர்வு காலில் தெரியும், மிளகாய் நெடி மூக்கில் ஏறும். எதிர்ப்பக்கம் முழுக்க லாரி நிற்பதால் மில் பக்கத்துச் சுவரை ஒட்டியே வர வேண்டும். ஒன்றரை மாதத்தில் தனியாக வந்து போனார்.

ஏகாம்பரம் வகுப்பில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

அவருக்குச் சர்க்கரையில் கண் போயிருந்தது. மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டார். உள்ளே யாரோ இருமினார்கள். ஏகாம்பரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இந்த இருமல் தணிகாசலத்தோட இருமலாச்சே! இன்னாடா தணிகா, நீயும் இங்கதான் குந்திக்கினு இருக்கியா?”

தணிகாசலம் பதில் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு அவர் பதில் சொல்லி இருபத்தோரு வருடம் ஆகியிருந்தது.

இரண்டு பேரும் ஒரே மீன் வண்டியில் இருந்தவர்கள். தணிகாசலம் ஓட்டுவார், ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு, ஓரமாக நின்ற கைவண்டி மேல் வண்டி ஏறிவிட்டது. கைவண்டிக்காரருக்குக் கால் போயிற்று. ஸ்டேஷனில் கேட்டபோது ஏகாம்பரம் உள்ளதைச் சொன்னார். “பொழுது சாஞ்சா இவனுக்குச் சரியாத் தெரியறதில்லை, சார்.” தணிகாசலத்தின் லைசென்ஸ் போயிற்று. அதன் பிறகு கிடங்கு கிடங்காக வாட்ச்மேன் வேலை.

ஏகாம்பரம் அப்படிச் சொன்னதாலேயே தணிகாசலம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனால் அவன் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். பதினேழு வருடம் கழித்து, சுவரில் முட்டிக்கொள்ள ஆரம்பித்த பிறகு போனார். “அழுத்தம் ரொம்ப நாளா இருந்திருக்கே, முன்னாடியே வந்திருக்கக் கூடாதா பெரியவரே?” என்றார் டாக்டர். அந்தப் பழியையும் தணிகாசலம் ஏகாம்பரத்தின் மேலேயே போட்டார்.

புதிதாக வருகிறவர், அதே தெருவில் வரும் பழையவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் நடக்க வேண்டும். டீச்சர் ஏகாம்பரத்தின் கையை எடுத்துத் தணிகாசலத்தின் முழங்கையில் வைத்தார்.

“வேற யார்கிட்டயாவது விடுங்க, டீச்சர்,” என்றார் தணிகாசலம்.

“உப்புக்கிடங்குத் தெருவுல வர்றது நீங்க ரெண்டு பேர்தான், அண்ணே.”

ஒரு மாதம் நடந்தார்கள். தணிகாசலம் இரண்டே வார்த்தைகள்தான் பேசினார். படி வந்தால் ‘படி’ என்பார். வண்டி வந்தால் ‘நில்’ என்பார். ஏகாம்பரத்துக்கு வாய் சும்மா இருக்காது.

“இது இன்னா சத்தம், தணிகா? மில்லா? மில்லுன்னு சொன்னா உன் சொத்து குறைஞ்சிடுமா?”

தணிகாசலம் அதே வேகத்தில் நடந்தார்.

“நான் ஒரே ஒரு நாள் வாயைத் தொறந்தேன். நீ அன்னைக்கு மூடினவன் மூடினவன்தான். யாருடா இதுல பெரிய ஆளு?”

“படி,” என்றார் தணிகாசலம்.

ஆடி பாதி முடிந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்புக்கு வரும் வழியில், மில் தாண்டி ஏழாவது அடியில் தணிகாசலத்தின் கோல் காற்றில் இறங்கியது. அவர் நின்றார். மண்டியிட்டுக் கையால் தடவினார். கால்வாய் மூடியை யாரோ பெயர்த்து எடுத்திருந்தார்கள். மூடி பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. தடுப்பு இல்லை, கயிறு இல்லை, ஒரு மரக்கிளைகூட நட்டு வைக்கவில்லை. திறந்தவன் யாரென்று ஊருக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

தணிகாசலம் பள்ளத்தை அளந்தார். நீளம் இரண்டு முழம். அகலம் ஒன்றரை முழம். கோலை உள்ளே விட்டார். கைப்பிடி வரை போயும் அடி தட்டவில்லை. கல் விளிம்பு கூராக இருந்தது. இதை இப்படியே சொல்ல வேண்டும் என்று மனதில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதனால் அன்று கூடத்துக்குப் போகக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஏகாம்பரத்தின் குரல் கேட்டது.

“வாப்பா தணிகா! நான் இன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து ஆட்டோவுல வந்துட்டேன். போகும்போது நடந்துதான் போவேன். சொல்லு, தெரு எப்படி இருக்கு?”

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

“இவனைப் போய்க் கேக்கறேன் பாரு,” என்றார் ஏகாம்பரம் மற்றவர்களிடம். “கண்ணு இருந்தப்பவே கைவண்டியைப் பார்க்காத ஆளு. இப்ப இன்னாத்தைப் பார்த்திருக்கப் போறான்?”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அங்கே எல்லோரும் தினம் ஒரு முறை யாராலாவது இப்படிக் கேலி செய்யப்படுகிறவர்கள்தான். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சேதிக்காகக் காத்திருந்தார்.

“உப்புக்கிடங்குத் தெருவில் ஒன்றுமில்லை,” என்றார் தணிகாசலம்.

போய் உட்கார்ந்தார்.

அன்று வகுப்பில் என்ன நடந்தது என்று அவருக்கு நினைவில்லை. ஏகாம்பரம் சிரிக்கும்போதெல்லாம் அந்தக் கூர் விளிம்பைக் கை நினைத்துக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். பவுனம்மாள் தன் கோலைத் தேடிக்கொண்டிருந்தார். அறுபத்தேழு வயது. நாற்பது வருடம் தெருமுனையில் இஸ்திரி போட்டவர். தன் இஷ்டத்துக்குத் தனியாக ஒரு டீக்கடைக்குப் போய், ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் அவர் வகுப்பில் சேர்ந்த காரணம். போன வாரம்தான் குடித்தார். டீ தண்ணீராக இருந்தது என்று வந்து சொல்லி, அரை மணி நேரம் சிரித்தார்.

“நான் வந்த பிறகு நம்ம தெருவுல கேபிள் போட வெட்டியிருக்காங்கன்னு மாசிலாமணி சொன்னாரே,” என்றார் பவுனம்மாள். “அதுல போய் எவ துழாவிக்கிட்டு இருப்பா? நான் உப்புக்கிடங்குத் தெரு வழியா சுத்திக்கிட்டுப் போயிடறேன். அதுலதான் ஒண்ணும் இல்லையே.”

தணிகாசலம் அந்தக் குரல் வந்த பக்கம் ஓரடி வைத்தார். இப்போது சொன்னால் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஏகாம்பரம் முன்னால் சொல்ல வேண்டும். ‘முதல்ல ஏன் சொல்லலை?’ என்று கேட்பார்கள்.

வாசலில் போய்ப் பவுனம்மாள் காதில் மெல்லச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

வாசலில் செருப்பைக் காணவில்லை. காலால் துழாவினார். யாருடைய செருப்போ காலில் ஏறியது. உதறினார். மறுபடி துழாவினார். பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. “ஏறுய்யா, மறுபடி ஊசி போட வரச் சொன்னாங்க,” என்றார் ஏகாம்பரத்தின் மனைவி. ஏகாம்பரம் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். ஆட்டோ போய்விட்டது.

தணிகாசலம் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினார்.

“பவுனக்கா! அக்கா!”

முன்னால் கோல் தட்டும் சத்தம் கேட்டது. டக், டக் என்று லேசாக, வேகமாக. ஒன்றுமில்லாத தெருவில் நடக்கிறவரின் சத்தம். மில் அரைத்துக்கொண்டிருந்தது. அவர் கூப்பிட்டது அந்த இரைச்சலுக்குள் போய்விட்டது.

பிறகு கோல் சத்தம் நின்றது.

இடுப்பு எலும்பும் ஒரு தொடை எலும்பும் உடைந்துவிட்டன. இனி எழுந்தாலும் நடை இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பவுனம்மாளின் மகள் கோலை எடுத்துப் பரண்மேல் போட்டாள்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள்தான் வகுப்பு மறுபடி கூடியது. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அன்று முதலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் டீச்சர்.

“உப்புக்கிடங்குத் தெரு,” என்றார். “மில்லுக்கு இந்தப் பக்கம் ஏழு அடி. சுவரை ஒட்டி. கால்வாய் மூடி இல்லாம இருந்தது. நேத்து மூடிட்டாங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராகச் சேதி சொன்னார்கள். தணிகாசலத்தின் முறை வந்தது. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  

“எனக்குத் தெரியும்,” என்றார். “செவ்வாய்க்கிழமை வரும்போதே தெரியும். அளந்துகூடப் பார்த்தேன்.”

யாரோ கோலைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

“என்னை நினைச்சுத்தானே சொல்லாம விட்டே?” என்றார் ஏகாம்பரம்.

“ஆமாம்.”

“நான் ஆட்டோவுல போயிட்டேன்யா.” ஏகாம்பரத்தின் குரலில் அன்று கிண்டல் இல்லை. “நான் அந்தத் தெருவுல காலே வைக்கலையேடா.”

மாசிலாமணி எழுந்தார். பட்டறையில் கண்ணை இழந்தவர் அவர். அதிகம் பேசமாட்டார். “டீச்சர், இவரை நிறுத்திடுங்க. நாளைக்கு இவர் ஒண்ணுமில்லைன்னு சொன்னா நான் எப்படிக் காலை எடுத்து வெப்பேன்? எனக்கு வீட்டைத் தாண்டவே பயமா இருக்கு.”

“ஆமா, டீச்சர்,” என்றார்கள் இரண்டு மூன்று பேர்.

டீச்சர் தணிகாசலத்திடம் கேட்டார். “பவுனம்மா வீடு தெரியுமா, அண்ணே?”

“தெரியாது.”

“வாங்க.”

பவுனம்மாள் இருந்தது ஹவுசிங் போர்டு கட்டடத்தில், இரண்டாம் மாடியில். அறையில் மருந்து வாசனையும் மூத்திர வாசனையும் கலந்து வீசியது. மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்துவிட்டுப் போனாள்.

“யாரு?”

“நான் தணிகாசலம், அக்கா.” அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “அந்தப் பள்ளம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். ஏகாம்பரம் விழட்டும்னு சொன்னேன்.”

பவுனம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

“நீ அதை அளந்தியா?” என்றார் பவுனம்மாள்.

“அளந்தேன்.”

“எவ்வளவு பெருசு? நான் விழுந்தேனே தவிர, எதுல விழுந்தேன்னு எனக்கு இன்னும் தெரியாது. மகளைக் கேட்டா, அதெல்லாம் இப்ப எதுக்கும்மாங்கறா. சொல்லு.”

தணிகாசலம் தெருச் சேதி சொல்வதுபோலச் சொன்னார்.

“மில்லுக்கு இந்தப் பக்கம் ஏழு அடி. சுவரை ஒட்டி. நீளம் ரெண்டு முழம், அகலம் ஒன்றரை முழம். கோல் முழுசா உள்ளே போகுது. கல் விளிம்பு கூரா இருக்கு. மூடி சுவத்துல சாஞ்சிருக்கு.”

அவர் முடித்துவிட்டார். 

“அவ்வளவுதானா?” என்றார் பவுனம்மாள்.

“அவ்வளவுதான், அக்கா.”

“இதைச் சொல்ல இவ்வளவு நேரம்தான் ஆகுமா, தம்பி?”

தணிகாசலம் இரண்டு கையாலும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

படியில் இறங்கும்போது தணிகாசலம் கேட்டார். “என்னை மன்னிச்சிடுங்க, டீச்சர்.”

“விழுந்தது நான் இல்லையே, அண்ணே,” என்றார் டீச்சர்.

 வகுப்பிலிருந்து நிறுத்துகிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. தணிகாசலம் தினமும் வந்தார். கதவு நிலையில் நின்று தெருச் சேதி சொன்னார். சைக்கிள் கடையில் ஒரு சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுகூட அவர் சேதியில் இருந்தது. அவர் சொல்லி முடித்ததும் யாரும் ‘சரி’ என்று சொல்வதில்லை. மற்றவர் சொன்னால் சொல்வார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஏகாம்பரம் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். தணிகாசலத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆடி கடைசி ஞாயிறு அன்று மகன் யுவராஜ் பைக்கில் வந்தான். வகுப்பு முடியும் நேரம். இன்னும் நான்கைந்து பேர் கூடத்தில் இருந்தார்கள். வந்தது யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. 

“டீச்சர், இல்லத்துல இடம் இருக்காம், இன்னைக்குச் சொல்லணும்னு கேக்கறாங்க,” என்றான் யுவராஜ். “நீங்க உள்ளதைச் சொல்லுங்க. நைனாவைத் தனியா விட்டா போய் வந்துடுவாரா?”

தணிகாசலம் சுவரோடு ஒட்டி நின்றார். உள்ளதைச் சொல்லுங்கள் என்று ஒரு பையன் கேட்கிறான். பதில் சொல்லப்போகிறவர் உள்ளதைத் தவிர வேறு எதையும் சொல்லிக் கேட்டதில்லை. மாசிலாமணியின் பெருமூச்சு அவருக்குக் கேட்டது.

“போய் வந்துடுவார், தம்பி,” என்றார் டீச்சர். “காலும் கோலும் நல்லாப் பழகிடுச்சு. இந்த வகுப்புல அவர் அளவுக்குத் தெருவைப் படிச்சவங்க வேற யாரும் இல்லை.”

“அது போதும், டீச்சர். அப்ப இல்லத்துக்கு வேண்டாம்னு போன் பண்ணிடறேன்.” யுவராஜுக்கு மனசு லேசாகிவிட்டது. “நைனா, வண்டியைத் திருப்பி வெக்கறேன், வா.”

அவன் வெளியே போனான். நாற்காலிகள் நகர்ந்தன. கோல்களை விரித்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஏகாம்பரம் மட்டும் வாசலில் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அவரும் போனார்.

தணிகாசலம் நகரவில்லை. வெளியே பைக் உறுமியது.

“ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?” என்றார். “ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா, நான் இல்லத்துக்குப் போயிருப்பேன். இங்க யாருக்கும் நான் இருக்கறது பிடிக்கலை. நான் அங்க போறதுதானே சரி? இவங்களாவது பயப்படாம நடப்பாங்களே.”

டீச்சர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் இருந்ததை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அங்கேயும் கண்ணு தெரியாதவங்க நாப்பது பேர் இருக்காங்க, அண்ணே,” என்றார். “அங்கேயும் படிக்கட்டு இருக்கு.”